பிரம்பில்லாப் பள்ளியும் கிருஷ்ணமூர்த்தியும்



பள்ளிப் பிள்ளைகளை அடித்தலும் மனம் நோகச் செய்தலும் ஆகாவென 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் விதித்தது. 2010 ஏப்ரல் முதல் நாளினின்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரம்பு சட்டத்தால் விலக்கப்பட்டது நன்றே. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம் அன்பர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. பிரம்பை எடுத்த இடத்தில் எதை வைப்பது? நாற்பது பிள்ளைகள் ஒருமிக்கக் கூச்சலிடும்போது அவர்களை அமைதிப்படுத்துவது எங்ஙனம்? அதட்டலால் அடங்கிய வகுப்பு, ஆசிரியர் வாயிற்படி தாண்டிய கணத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிடுகின்றதே, என் செய்வது?

ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்புப் பகுதியில் நின்ற நமக்கு இவ்வினா புதியதன்று. மேஸ்திரி வரும் வேளையில் விரையும் கைகள், அவர் முதுகைக் காட்டியதும் தளரும். அதே நூற்புப் பொறியில் இழை அறுந்த கணமே அதைக் கண்டு பிணைக்க வேண்டிய கண் ஒன்றுண்டு. அக்கண்ணை எந்த மேஸ்திரியாலும் ஏவ இயலாது. அது தானே விழித்திருத்தல் வேண்டும். பிள்ளையினிடத்தும் அத்தகைய விழிப்பு உண்டாகுமா என்று ஆயுள் முழுதும் ஆராய்ந்தவர் ஒருவர் சித்தூர்ச் சீமையில் பிறந்தார். ஜே. கிருஷ்ணமூர்த்தி என்னும் அவரது சரிதையை இவ்விதழில் கூறப் புகுகின்றோம்.

திருப்பதியினின்று மேற்கே பீலேர் வழியாகச் செல்லும் பாதை மதனப்பள்ளியைச் சென்றடையும். மேட்டு நிலம், சுற்றிலும் பாறைக் குன்றுகள், மழை குறைவு. கிருஷ்ணமூர்த்தி அவ்வூரில் 1895 மே மாதத்தில் பிறந்தார். அக்காலத்தில் மதனப்பள்ளி கடப்பை ஜில்லாவில் இருந்தது. 1911 இல் சித்தூர் ஜில்லா உண்டாக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்து, நூறாண்டுக்கு மேல் அதிலேயே இருந்து, 2022 இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. தந்தையார் நாராயணய்யா வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்தவர், தாயார் சஞ்சீவம்மா. தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பம். எட்டாவது மகவு ஆதலின் கிருஷ்ணன் பெயர் இடப்பட்டது.

இளமையிலேயே மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டு பல்லாண்டு வருத்திற்று. பள்ளிக்குச் சென்ற நாளினும் செல்லாத நாள் மிகுதி. சென்ற நாளிலும் அவர் கண் பலகையில் நில்லாது. மேகத்தின்மீதும், பூச்சியின்மீதும், இலையின்மீதும் நிற்கும். உபாத்தியாயர்கள் அவரை மந்தபுத்தி உள்ளவர் என்று முடிவு கட்டினர். தம்பி நித்தியானந்தனோ பாடத்தில் சுட்டி. தாயார் வாயிலில் வந்த ஏழைகளுக்கு அரிசியிடும்போது பிள்ளையின் கையால் இடச் செய்வது வழக்கம். அப்பிள்ளை பள்ளியிலிருந்து பலகையும் பென்சிலும் இன்றித் திரும்பும். இல்லாத ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும்.

ஒருநாள் சிறுவர் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டார். அதை மீண்டும் பூட்டி ஓடச்செய்யும் வரை பள்ளிக்குச் செல்லவும் உண்ணவும் மறுத்துவிட்டார். பூட்டியும் முடித்தார். இச்செய்தியை அவரது வரலாற்றை எழுதினோர் ஒரு வேடிக்கையாகக் கூறிச் செல்வர். நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பசியையும் மறந்து பற்சக்கரங்களுக்கு இடையே மணிக்கணக்கில் அமரும் பிள்ளையிடம் கவனம் இல்லை என்று எவ்வாறு சொல்வது? கவனம் இருந்தது. பள்ளி கேட்ட இடத்தில் இல்லை, அவ்வளவே.

அதே காலத்தில், அதே பக்கத்துத் திருப்பதியில், மிஷன் பள்ளியொன்றில் 1896 முதல் பயின்றுவந்தார் இராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகிய அவரது பிறந்த நாளாகிய செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் எல்லாத் தேர்விலும் தேறியவர். நம் சரிதைக்குரியவரோ எத்தேர்விலும் தேறாதவர். கல்வியைப் பற்றி இருவரும் எழுதினர். தேறாதவர் எழுதியதில்தான் கடைசி வரிசைப் பிள்ளையின் குரல் கேட்கின்றது என்பது நம் எண்ணம்.

1905 இல் தாயார் இறந்தார். பிள்ளைக்கு வயது பத்து. 1907 இன் இறுதியில் வேலையினின்று ஓய்வுபெற்ற நாராயணய்யா, தாம் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்தவராதலின், 1909 ஜனவரியில் பிள்ளைகளுடன் சென்னை அடையாற்றில் அச்சங்கத்தின் பணிக்கு வந்தார். அடையாறு என்றதும் நம் நேயர்களுக்கு மற்றொரு நினைவு எழும். 1898 இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணைகொண்டு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றதும், ஒதுக்கப்பட்ட நம் குலப் பிள்ளைகளுக்கு ஆல்காட் பள்ளிகள் திறந்ததும் அவ்விடத்தோடு தொடர்புடையனவே. ஆல்காட் 1907 இல் மறைந்துவிட்டார். கிருஷ்ணமூர்த்தி வந்தது அதற்குப் பின்னர்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு அண்ணனும் தம்பியும் நாள்தோறும் நடந்து சென்றனர். அங்கே அண்ணனுக்கு ஏறக்குறைய அன்றாடம் அடி. பாடம் வரவில்லையென்று உபாத்தியாயர் அவரை வராந்தாவில் நிறுத்திவிடுவார், நிறுத்தியதை மறந்தும்விடுவார். பிள்ளை அழுதுகொண்டே அவ்விடத்தில் நிற்கும். உள்ளே வா என்றும், வீட்டுக்குப் போ என்றும் எவரும் சொல்லாவிடில் இருட்டும் வரை நிற்கும். தம்பி வந்து கைபற்றி அழைத்துச் செல்வான். இத்தகைய கீழ்ப்படிதலைக் கண்டு மகிழும் ஆசிரியர் இன்றும் உளர். சொன்ன இடத்தில் அசையாது நின்றான், நல்ல பிள்ளை என்பர். அப்பிள்ளையின் உள்ளே அவ்வேளை என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்தவர் யார்?

அவ்வாண்டிலேயே அடையாற்றுக் கடற்கரையில் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராகிய லெட்பீட்டர் சிறுவரைக் கண்டார். உலகுக்கு வரவிருக்கும் போதகர் இவரே என்று முடிவு செய்தார். பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தித் தம் மேற்பார்வையில் வைத்துக்கொண்டார். குளியல், உணவு, மிதிவண்டி, நீச்சல், பந்தாட்டம், ஆங்கிலப் பாடம் எல்லாம் மணிப்படி நடந்தன. பள்ளியின் பிரம்பினின்று தப்பிய பிள்ளைக்கு இது நல்வாழ்வே. ஆயினும் பாடம் நடந்த ஒருநாள், வாய் சிறிது திறந்தவாறே நிற்கும் வழக்கம் கண்டு பொறுமையிழந்த லெட்பீட்டர் அவர் முகவாயில் அடித்தார். ஒரே அடி. அன்றோடு அவ்விருவருக்கும் இடையே இருந்த பற்று முறிந்தது என்று கிருஷ்ணமூர்த்தி முதுமையிலும் நினைவுகூர்ந்தார். தெய்வப் பிறவி என்று தாம் நம்பிய பிள்ளையையே ஒருவர் அடித்தார் என்றால், மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ!

அடுத்த இருபது ஆண்டுகளை விரைந்து கூறுவோம். 1911 இல் அவரைத் தலைவராகக் கொண்டு நட்சத்திரச் சங்கம் நிறுவப்பட்டது. அன்னி பெசண்ட் அம்மையார் இரு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தையார் பிள்ளைகளை மீட்க வழக்குத் தொடுத்துச் சென்னையில் வென்றார். 1914 இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். கிருஷ்ணமூர்த்தி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளைப் பன்முறை எழுதிப் பன்முறையும் தவறினார். 1925 நவம்பரில் தம்பி நித்தியானந்தன் கலிபோர்னியாவில் ஓஹாய் என்னும் ஊரில் நோயால் இறந்தார். அத்துயரம் அவரை அடியோடு மாற்றிற்று. 1929 ஆகஸ்டு 3 ஆம் நாள், ஹாலந்து நாட்டில் ஓம்மென் என்னுமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் நடுவே எழுந்து நின்று, தம்மைத் தலைவராகக் கொண்ட சங்கத்தைத் தாமே கலைத்தார். எனக்கு மாணாக்கர் வேண்டா, எவரும் என்னைப் பின்பற்ற வேண்டா என்பதே அன்றைய உரையின் சாரம். நன்கொடையாக வந்த நிலங்களை உரியவர்களுக்குத் திருப்பியளித்தார்.

பின்பற்றுவோர் வேண்டா என்று கூறியவர் பள்ளிகளை மட்டும் கைவிடவில்லை. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிகொண்டா என்னும் குன்றின் அடியில், பெரியதோர் ஆலமரம் நின்ற வறண்ட பள்ளத்தாக்கு 1920களின் பிற்பகுதியில் பள்ளிக்கென வாங்கப்பட்டது. சென்னையில் நடந்துவந்த பள்ளியொன்று 1930களின் தொடக்கத்தில் அங்கு இடம்பெயர்ந்தது. ஜி. வி. சுப்பாராவ் முதல் தலைமையாசிரியர். மரம் நட்டனர், கிணறு வெட்டினர், மெல்ல மெல்லப் பள்ளத்தாக்கு பசுமை பெற்றது. இதுவே ரிஷி வேலிப் பள்ளி. காசியில் இராஜகாட்டிலும், பின்னர் 1969 இல் இங்கிலாந்திலும், 1970களில் சென்னை, ஓஹாய், பெங்களூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. அவர் எப்பள்ளியிலும் தங்கி அன்றாடம் வகுப்பு நடத்தியவர் அல்லர். பெரும்பாலும் குளிர்காலத்தில் ரிஷி வேலிக்கு வருவார். பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் அமர்ந்து பேசுவார். அவர்கள் கேட்பதற்கு விடை கூறுவதினும் அவர்களையே திரும்பக் கேட்பது மிகுதி.

இப்போது ஆசிரிய அன்பர்களின் வினாவுக்கு வருவோம். வகுப்பில் ஒரு பிள்ளை சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றது. ஆசிரியர் என்ன செய்வார்? புத்தகத்தைப் பார் என்று அதட்டுவார். பிள்ளை உடனே புத்தகத்தைப் பார்க்கும். மனம் மட்டும் வெளியிலேயே நிற்கும். கண்ணுக்கும் மனத்துக்கும் இடையே ஒரு போர் தொடங்கிவிட்டது. கவனம் அப்போரில் செலவாகின்றது. பாடத்துக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. கிருஷ்ணமூர்த்தி ஆசிரியர்களுக்குக் கூறிய வழி வேறு. பிள்ளை வெளியே பார்க்கட்டும், முழுவதும் பார்க்கட்டும், ஆசிரியரும் உடன் பார்க்கட்டும் என்றார். அப்பறவையின் நிறம் என்ன, அக்கிளை எப்பக்கம் ஆடுகின்றது என்று இருவரும் பேசட்டும். ஒன்றை முழுமையாகப் பார்த்த மனம் அமைதியடையும். அவ்வமைதியோடு புத்தகத்துக்கும் வரும். கவனத்தை வலிந்து திருப்ப வேண்டுவதில்லை. கவனம் என்றால் என்னவென்று பிள்ளைக்குக் காட்டினால் போதும். மேகத்தைப் பார்த்ததற்காக அடிபட்ட சிறுவர் அறுபது, எழுபது ஆண்டு கழித்து அவ்வடிக்குக் கண்ட விடை இது என்றே நாம் கொள்கின்றோம்.

பாடம் தொடங்குமுன் சிறிது நேரம் பிள்ளைகள் அசைவின்றி அமர்ந்திருத்தல் நன்று என்பதும் அவர் கருத்து. கண்ணை மூடித் தொலைவில் எழும் ஒலியை முதலில் கேட்டல்; பின்னர் அண்மையில் எழும் ஒலி; அதன்பின் தம் உள்ளத்தில் ஓடும் எண்ணம். எண்ணத்தைத் தடுக்க வேண்டா, வைய வேண்டா, வருவதையும் போவதையும் பார்த்தல் போதும். சினம் வந்தால் சினம் வந்தது என்று அறிதல். அறிந்த அளவில் கை ஓங்காது நிற்கும். ரிஷி வேலியில் அந்தி வேளையில் பிள்ளைகள் கூடி அமர்ந்து, பேச்சின்றி ஞாயிறு மறைவதைப் பார்க்கும் வழக்கம் நிலைபெற்றது. அதற்கு அஸ்தாசலம் என்று பெயர்.

ஒழுங்கு வேண்டா என்று அவர் கூறியதாகச் சிலர் எண்ணுவர். அவ்வாறன்று. உரிய நேரத்தில் உணவறைக்கு வராத பிள்ளையால் சமைத்தவர் காத்திருக்க நேர்கின்றது, உடன் உண்பவர் காத்திருக்க நேர்கின்றது. இதைப் பிள்ளை தானே கண்டுகொண்டால் மணியடிக்க வேண்டுவதில்லை. பிறரைக் கருதுவதனின்று பிறக்கும் ஒழுங்கே ஒழுங்கு. அச்சத்தினாலும் ஆசையினாலும் வருவது வெறும் பழக்கம் என்றார். ஆகவே தண்டனையோடு பரிசையும் விலக்கினார். பரிசும் ஒரு பிரம்பே, இனிப்புத் தடவிய பிரம்பு என்று நாம் கூறலாம். முதலிடம், கடையிடம் என்று பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிடுதலை அவர் கொடுமையென்றே கருதினார். தம்பியோடு ஒப்பிடப்பட்டு மந்தன் என்று பெயர் பெற்றவர் அல்லரோ!

இவற்றையெல்லாம் படிக்கும் நம் நேயர்கள் இராகுலனை நினைப்பர். இராசகிருகத்துக்கு அருகே அம்பலட்டிகையில் பகவன் புத்தர் தம் மைந்தனுக்குக் கூறிய அறவுரையில் கண்ணாடியை உவமை காட்டினார். கண்ணாடி எதற்கு? பார்ப்பதற்கு. அவ்வாறே ஒரு செயலைச் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின் பார். தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ அது துன்பம் தருமா என்று பார் என்பது அதன் கருத்து. இராகுலனுக்கு அப்போது வயது ஏழு என்று உரைகாரர் கூறுவர். ஏழு வயதுப் பிள்ளையால் தன் செயலைத் தானே நோக்க இயலும் என்று பகவன் நம்பினார் என்பதைக் கருதுக.

இலங்கைப் பிக்குவும் பேரறிஞருமான வல்பொல இராகுலர் 1978 இல் கிருஷ்ணமூர்த்தியை இங்கிலாந்தில் சந்தித்து உரையாடினார். தாங்கள் கூறுவது புத்தர் கூறியதே அன்றோ என்று அவர் தொடங்க, ஒப்பிடுவது எதற்கு என்று கிருஷ்ணமூர்த்தி திருப்பிக் கேட்டார். பிள்ளைகளை ஒப்பிடாதவர் தம்மையும் புத்தரோடு ஒப்பிட ஒப்பவில்லை. அது அவர்க்கு அழகே. ஆயினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. எம்முறையும் வேண்டா, எவ்விரதமும் வேண்டா, முறை என்பதே மனத்தை மழுங்கச் செய்யும் என்றார். பஞ்சசீலத்தை நாள்தோறும் ஏற்று ஓதும் நமக்கு அது பொருந்தாது. இளங்கன்றுக்கு வேலி வேண்டும்; ஆடு கடிக்கும் உயரத்தைத் தாண்டும் வரையிலாவது வேண்டும். கள்ளுக்கடை வாயிலில் விளையாடும் பிள்ளைக்கும், குன்றும் ஆலமரமும் சூழ்ந்த பள்ளியில் வளரும் பிள்ளைக்கும் வேலி ஒன்றாகாது.

மற்றொன்றும் கூறவேண்டும். இக்கல்விக்குச் சிறு வகுப்புகளே ஏற்றவை என்று அவரே எழுதினார். கல்வியைப் பற்றிய அவரது நூல் 1953 இல் வெளிவந்தது. ரிஷி வேலி கட்டணம் செலுத்தி விடுதியில் தங்கிப் பயிலும் பள்ளி. ஆலைத் தொழிலாளியின் பிள்ளை அங்கே சேர்வது எளிதன்று. பிரம்பில்லாக் கல்வி பணமுடையோர்க்கு மட்டும் உரியதோ என்று நாம் பலகால் மனம் கசந்ததுண்டு.

அவரது தனிவாழ்வைப் பற்றியும் கசப்பான செய்திகள் உள. நெடுங்காலம் உடனிருந்த நண்பரோடு பொருள் பற்றி வழக்குகள் நடந்தன. அந்நண்பரின் மகள் 1991 இல் எழுதிய நூல் அவரைக் குறைகளோடு கூடிய மனிதராகவே காட்டிற்று. தம்மை வணங்க வேண்டா என்று கூறியவரை நாம் வணங்கவில்லை. ஆதலின் இதனால் நமக்கு அதிர்ச்சியும் இல்லை. பிள்ளைகளைப் பற்றி அவர் கூறியது நம் வகுப்பில் பயன்படுகின்றதா என்பதே நாம் பார்க்க வேண்டுவது.

1986 ஜனவரியில் சென்னையில் இறுதிச் சொற்பொழிவுகளை நிகழ்த்திவிட்டு ஓஹாய் சென்றவர், பிப்ரவரி 17 ஆம் நாள் அங்கேயே இறந்தார். வயது 90. தமக்குப் பின் வாரிசு என்று எவரையும் நியமிக்கவில்லை.

நம் கசப்புக்கு ஒருவாறு மருந்து அவர் மறைந்த பின்னர் வந்தது. ரிஷி வேலியைச் சுற்றிய சிற்றூர்களில் ஏழைப் பிள்ளைகளுக்கெனச் சிறு பள்ளிகள் எழுந்தன. பத்மநாப ராவ், ராமா என்னும் தம்பதியர் அப்பணியை முன்னின்று நடத்தினர். ஓராசிரியர், பல வயதுப் பிள்ளைகள், ஒரே அறை. பாடப்புத்தகத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தனர். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம். எந்த அட்டைக்குப்பின் எது என்பதைக் காட்டும் ஏணியொன்று சுவரில் தொங்கும். பிள்ளை வந்ததும் தான் ஏணியில் எப்படியில் நிற்கின்றது என்பதைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, தனக்குரிய குழுவில் அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் துணை. ஒரு குழுவுக்கு மூத்த பிள்ளையின் துணை. ஒரு குழு தானே பயிலும். காய்ச்சலால் பத்து நாள் வாராத பிள்ளை, விட்ட படியிலேயே மீண்டும் தொடங்கும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிவிடாது. மலேரியாவால் பள்ளி தவறிய மதனப்பள்ளிச் சிறுவருக்கு இத்தகைய பள்ளியே வாய்த்திருக்க வேண்டும்.

இம்முறையைச் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் கண்டு, 2003 இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கச் செய்தார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரோடு 2007 முதல் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் உடன் பாயில் அமர்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிற்று. வருகைப் பதிவையும் பிள்ளைகள் தாமே குறித்தனர். பின்வந்த ஆண்டுகளில் அம்முறை பலவாறு மாற்றப்பட்டது. ஆயினும் அவ்வகுப்புகளில் பயின்றோர் இன்று இருபது வயதைக் கடந்து நம்மிடையே உள்ளனர். சுவரில் தொங்கிய ஏணியில் தம் படி எதுவாக இருந்தது என்று அவர்களைக் கேட்டால் சொல்வர்.